'பறக்கும் சவப்பெட்டி' என்று சொல்கிறவர்களுக்கு

புரட்டாசி மழையும் கொள்ளு விதைப்பும் பற்றி இந்த வாரம் எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அது அடுத்த பதிவுக்குப் போகட்டும். பத்து நாளாக மனசில் ஒரு எரிச்சல் உட்கார்ந்திருக்கிறது. அதை இறக்கி வைக்காமல் எனக்குக் காட்டு வேலை ஓடாது.

ஆயுத பூஜை லீவுக்கு என் அக்கா மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். கம்ப்யூட்டர் வேலை, நல்ல பையன். டிராக்டருக்கும் மருந்தடிக்கிற மிஷினுக்கும் சந்தனப் பொட்டு வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பொரிகடலை தின்றுகொண்டிருந்தோம். போனில் ஒரு வீடியோ காட்டினான். செப்டம்பர் 26-ம் தேதி சண்டிகரில் மிக்-21 விமானத்துக்கு வழியனுப்பு விழா. 1963-ல் நம் விமானப்படைக்கு வந்த விமானம், 62 வருஷம் ஓடி ஓய்வு பெறுகிறது. பழைய பைலட்டுகள் கண் கலங்கி நிற்கிறார்கள்.

"சனியன் ஒழிஞ்சுது மாமா. பறக்கும் சவப்பெட்டி. எத்தனை பேரக் காவு வாங்கிருக்கு தெரியுமா? அதுலயும் பாதி பைலட் பண்ணுன தப்பாம்."

அவன் இதைச் சொன்ன நேரத்தில் பக்கத்துத் தோட்டத்து அம்மணி பூஜைப் பொரி வாங்க வாசலில் நின்றிருந்தது. அதுவும் நானும் ஒரே சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறோம். அதன் மகன் அமராவதிநகர் சைனிக் பள்ளியில் படித்து, புனேவுக்குப் போய், இப்போது ஐதராபாத் பக்கம் துண்டிகல்லில் விமானம் ஓட்டப் படிக்கிறான். எங்கள் ஊரில் இருந்து அப்படிப் போன முதல் பையன்.

"ஏனுங்கண்ணா, எம்பையனும் இதத்தான் ஓட்டுவானுங்களா?"

இல்லை அம்மணி, அதை நிறுத்திவிட்டார்கள் என்றேன். தலையை ஆட்டியது. படி இறங்கிப் போனது திரும்பி வந்து கேட்டது: "பைலட் தப்புன்னு சொல்றாங்களே, தப்புப் பண்ற மாதிரி அந்தப் பசங்கள ஏத்தி உட்டது யாருங்க?"

அக்கா மகன் போனைப் பார்த்தான். எனக்கும் வாயில் பொரி நின்றுபோனது.

அதிலிருந்து பத்து நாள் ராத்திரி ராத்திரியாகப் படித்தேன். சூலூர் விமான தளத்தில் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆன ஒருவர் எங்கள் ஊர்ப் பக்கம் இடம் வாங்கித் தென்னை வைத்திருக்கிறார், அவரிடமும் உட்கார்ந்து கேட்டேன். பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவன் போர் விமானம் பற்றி எழுதலாமா என்று கேட்காதீர்கள். நாங்கள் தக்காளிக்கு என்ன விலை வைக்க வேண்டும் என்று நீங்கள் எழுதும்போது நான் கேட்கிறேனா?

முதலில் ஒரு பைலட்டை எப்படி உருவாக்குகிறார்கள் என்று பார்ப்போம். அது தெரியாமல் இந்தச் சண்டையைப் போட முடியாது.

துண்டிகல்லில் முதல் படி. காற்றாடி வைத்த சின்ன விமானம். மேலே ஏற, திரும்ப, இறங்கக் கற்றுக்கொள்கிறார்கள். அதில் தேறியவர்களைப் பிரித்து, போர் விமானத்துக்கு லாயக்கானவர்களைத் தனியாக எடுக்கிறார்கள். அடுத்து ஹக்கிம்பேட்டையில் ஜெட். அங்கே பல காலம் ஓடியது கிரண் என்ற விமானம், எச்ஏஎல் பெங்களூரில் செய்தது, 1968-ல் சேவைக்கு வந்தது. நல்ல சாது. மெதுவாகப் போகும், மெதுவாக இறங்கும், தப்புச் செய்தால் பொறுத்துக்கொள்ளும். இது இரண்டாம் படி.

மூன்றாம் படி என்று ஒன்று வேண்டும். போர் விமானம் மாதிரியே வேகமாகப் போகிற, அதே மாதிரி கருவிகள் உள்ள, குண்டு போடவும் குறி பார்க்கவும் கற்றுத்தருகிற, ஆனால் புதுப் பையன் ஒரு நொடி தடுமாறினால் அவனைக் கொன்றுபோடாத விமானம். இதற்குப் பெயர்தான் உயர்நிலை ஜெட் பயிற்சி விமானம். பின் சீட்டில் வாத்தியார். அந்த சீட்டை முன் சீட்டைவிட மேலே தூக்கி வைத்திருப்பார்கள், பையனின் தலைக்கு மேலாக ஓடுதளம் அவருக்கும் நேராகத் தெரியும்.

இந்த மூன்றாம் படி நம் விமானப்படையில் வருஷக்கணக்கில் இல்லை. கிரணையோ போலந்திலிருந்து வாங்கிய இஸ்க்ராவையோ ஓட்டிப் பழகிய பையனை நேராக மிக்-21-ல் ஏற்றினார்கள். 1986 முதல் அசாமில் தேஜ்பூரில் அதற்கென்று ஒரு பிரிவே வைத்து நடத்தினார்கள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசுப் பையன்கள்.

மிக்-21 ரஷ்யாக்காரன் 1950-களில் செய்த வேட்டை விமானம். ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகம். எதிரி விமானத்தை விரட்டிப் பிடித்து அடித்துவிட்டுத் திரும்ப வேண்டும், அதற்கென்றே செய்தது. முக்கோண இறக்கை, வேகம் குறைந்தால் அது தாங்காது. அதனால் ஓடுதளத்தை நோக்கி வரும்போதே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வரும். கிரண் இறங்குவது அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டிய வேகத்தில். நேற்று வரைக்கும் யோசித்துச் செய்ய நேரம் இருந்தது, இன்றைக்கு அதில் பாதி நேரம்தான்.

இதில் எனக்குத் தாங்காத விஷயம் ஒன்று. மிக்-21-லும் இரண்டு சீட் வைத்த பயிற்சி ரகம் உண்டு. அதன் பின்னாளைய ரகத்தில் இறங்கும்போது வாத்தியாருக்கு முன்னால் தெரிய பெரிஸ்கோப் வைக்க வேண்டியிருந்தது. நீர்மூழ்கிக் கப்பலில் இருக்குமே, அந்தக் கண்ணாடிக் குழாய். படிக்கிறவனுக்குப் புதுசு, சொல்லித்தருகிறவருக்கு நேர்ப் பார்வை கிடையாது. அந்த மெக்கானிக் அண்ணன் இதைச் சொன்னபோது நான் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

எங்கள் ஐயன் (எங்கள் பக்கம் அப்பாவை ஐயன் என்போம்) காளைக் கன்று பழக்குவதில் கைதேர்ந்தவர். காங்கயம் கன்றுக்கு மூக்குக் குத்தி ஆறவிட்டு, முதலில் உழவு மண்ணில் கட்டை இழுக்க விடுவார். அப்புறம் வயசான வேலை மாட்டோடு ஜோடி சேர்த்து வெறும் வண்டி. பக்கத்திலேயே ஒரு ஆள் கயிற்றைப் பிடித்து நடக்க வேண்டும். மூட்டை ஏற்றுவது எல்லாம் கடைசியில். நடுவில் இருக்கிற அந்த வெறும் வண்டி ஓட்டம் இருக்கிறதே, அதில் பத்துப் பைசா வருமானம் கிடையாது. மாட்டுக்குத் தீவனம் செலவு, ஆளுக்குக் கூலி செலவு, ஒரு வேலையும் நடக்காது.

எனக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும். எங்கள் பங்காளி ஒருத்தர் கண்ணபுரம் சந்தையில் ஒரு கன்று வாங்கிவந்தார். ஒரு வாரம் கட்டை இழுக்க விட்டார், அடுத்து நேராகப் பருத்தி மூட்டை ஏற்றிய வண்டியில் பூட்டிவிட்டார். பள்ளத்துச் சரிவில் பாரம் பின்னாலிருந்து தள்ள, மாடு மிரண்டு வண்டி குடை சாய்ந்தது. ஓட்டிய பண்ணையாளுக்குக் கால் போனது. கடைசி வரைக்கும் கோல் ஊன்றித்தான் நடந்தார். பங்காளி சொன்னது என்ன தெரியுமா? "மாடு சரியில்ல. ஓட்டுனவனுக்கும் கை போதாது." மாட்டை அடிமாட்டுக்குக் கொடுத்துவிட்டு அடுத்த சந்தைக்குக் கிளம்பிவிட்டார்.

மிக்-21 கதையில் மாடும் சரியில்லை, ஓட்டினவனும் சரியில்லை. பூட்டினவரைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. அவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

விபத்துகள் ஏன் இப்படி நடக்கின்றன என்று பார்க்க 1982-ல் ஒரு குழு போட்டார்கள். தலைவர் லா ஃபோன்டேன், பின்னால் விமானப்படைத் தலைமைத் தளபதியாகவே ஆனவர். உயர்நிலை ஜெட் பயிற்சி விமானம் உடனே வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. கவனியுங்கள், 1982. எனக்கு அப்போது மீசை சரியாக முளைக்கவில்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது 2004 மார்ச்.

22 வருஷம். இந்திரா காந்தியில் ஆரம்பித்து வாஜ்பாய் வரைக்கும் எட்டுப் பேர் பிரதமராக உட்கார்ந்து பார்த்துவிட்டார்கள். காங்கிரஸ், ஜனதா தளம், பாஜக என்று எல்லாக் கட்சியும் அந்தக் கோப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால் யாரும் இங்கே கொடியைத் தூக்கிக்கொண்டு வரவேண்டாம். குறிப்பைச் சொன்னவர் தளபதியாகி, ஓய்வு பெற்று, ஐதராபாத் பக்கம் ஒரு கிராமத்தில் பண்ணை வைத்து விவசாயம் பார்க்கவே போய்விட்டார். அதற்கப்புறமும் வருஷக்கணக்கில் கோப்பு நகரவில்லை.

நடுவில் 1997-ல் அப்துல் கலாம் தலைமையில் இன்னொரு குழு. அவர் இளமையில் விமானியாக ஆசைப்பட்டுத் தேர்வில் ஒரு இடத்தில் வாய்ப்பை விட்டவர், இந்தக் கதை உங்களுக்கே தெரியும். அந்தக் குழுவும் பயிற்சி விமானம் வேண்டும் என்றது. சரி என்று அதையும் வாங்கி அடுக்கினார்கள்.

ஏன் தாமதம் என்று கேட்டால் நிறையக் காரணம் சொல்கிறார்கள். இங்கிலாந்து ஹாக்கா, பிரான்ஸும் ஜெர்மனியும் சேர்ந்து செய்த ஆல்ஃபா ஜெட்டா என்று ஒப்பிட்டுப் பார்த்தது ஒரு காலம். போஃபர்ஸ் விவகாரத்துக்கு அப்புறம் ஆயுதக் காகிதத்தில் கையெழுத்துப் போடவே அதிகாரிகளுக்குக் கை நடுங்கியது என்பார்கள். 1998 அணுகுண்டு சோதனைக்கு அப்புறம் ஹாக் விமானத்தில் இருந்த அமெரிக்க உதிரிப்பாகங்கள் பற்றிய பயம். விலை பேரம் தனி. ஒவ்வொன்றும் கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. நம் வட்டார அலுவலகத்தில் சொட்டுநீர் மானியம் தள்ளிப்போவதற்கும் இப்படித்தான் ஒவ்வொன்றாக நியாயமான காரணம் இருக்கும். ஆனால் அங்கே தள்ளிப்போனால் வாழை காயும். இங்கே தள்ளிப்போன ஒவ்வொரு வருஷமும் புதுசாக ஒரு கூட்டம் பையன்கள் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதித்தார்கள்.

கடைசியில் வாங்கியது ஹாக். அந்த விமானம் முதன்முதலில் பறந்தது 1974-ல். இங்கிலாந்து விமானப்படை 1976-லேயே தன் பையன்களை அதில் ஏற்றிவிட்டது. அதாவது 1982-ல் நம் குழு கேட்டபோதே கடையில் சரக்கு இருந்தது! 66 விமானம், சுமார் 8,000 கோடி ரூபாய். 24 அங்கேயே செய்து வந்தது, 42 பெங்களூரில் எச்ஏஎல் செய்வதாகப் பேச்சு. 2008 பிப்ரவரியில் கர்நாடகாவில் பிதார் தளத்தில் முறைப்படி சேர்த்தார்கள். அப்புறம் 2010-ல் இன்னும் 57-க்கு ஒப்பந்தம் போட்டார்கள், அதில் 17 கடற்படைக்கு. வந்த புதிதில் அதிலும் ஒன்று பிதாரிலேயே விழுந்தது, இரண்டு பேரும் வெளியே குதித்துப் பிழைத்தார்கள். பயிற்சி என்றால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் தெலங்கானாவில் முதல் படி விமானமே விழுந்து வாத்தியாரும் மாணவனும் போனார்கள். வானத்தில் வேலை என்றால் அது உண்டு. தெரிந்தே ஒரு படியை எடுத்துவிட்டு ஏறச் சொல்வது வேறு கணக்கு.

இப்போது அந்த 'பைலட் தப்பு'க்கு வருகிறேன்.

2012-ல் பாதுகாப்பு அமைச்சர் அந்தோணி நாடாளுமன்றத்தில் கணக்குக் கொடுத்தார். மிக் ரகங்கள் எல்லாம் சேர்த்து வாங்கியது 872. விபத்தில் போனது 482. இறந்த விமானிகள் 171 பேர். காரணம் என்று சொன்னது இரண்டு வகை: மனிதத் தவறு, இயந்திரக் கோளாறு. அவ்வளவுதான். அந்த இரண்டுக்கும் நடுவில் 22 வருஷத் தாமதம் என்று மூன்றாவதாக ஒரு கட்டம் எந்தப் படிவத்திலும் கிடையாது.

171 பேரும் பயிற்சி போதாமல்தான் போனார்கள் என்று நான் சொன்னால் அது பொய். எஞ்சின் நின்றிருக்கிறது. பறவை மோதியிருக்கிறது. சோவியத் யூனியன் உடைந்த பிறகு உதிரிப்பாகத்துக்குத் தடுமாறியிருக்கிறார்கள். எத்தனையோ கெட்டிக்கார பைலட்டுகள் இதே மிக்-21-ஐ வைத்து 1971-ல் அடித்து நொறுக்கியிருக்கிறார்கள். 'பறக்கும் சவப்பெட்டி' என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வருவது இதனால்தான். அந்த விமானம் கெட்டது இல்லை, கடினமானது. கடினமான மாட்டைப் பழகின கையில் கொடுக்க வேண்டும். கை பழகும் முன்னால் கொடுத்துவிட்டு, தப்பு நடந்ததும் 'மனிதத் தவறு' என்று எழுதினால், எந்த மனிதனின் தவறு என்று கேட்கத் தோன்றுகிறதா இல்லையா? ஓட்டினவனும் மனிதன்தான். டெல்லியில் கோப்பை அடுத்த மேசைக்குத் தள்ளினவனும் மனிதன்தான்.

2001 செப்டம்பரில் ராஜஸ்தானில் சூரத்கரில் ராத்திரிப் பறப்பில் 27 வயது விமானி ஒருவர் மிக்-21-ல் இறந்தார். தவறு அவருடையது என்றார்கள். அவருடைய அம்மா அதை ஏற்கவில்லை. ஒரு பெண் தன் மகன் செத்த துக்கத்தையும் தாங்கிக்கொண்டு, செத்தவன் மேல் விழுந்த பழியையும் துடைக்க வருஷக்கணக்கில் வெளியே நின்று போராட வேண்டியிருந்தது. செத்தவன் பதில் சொல்ல வரமாட்டான், அதனால் அவன் மேல் எழுதுவது சுலபம்.

2003-ல் என்ன செய்தார்கள் தெரியுமா? அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் அம்பாலாவில் மிக்-21-ல் ஏறிப் பறந்து காட்டினார். சவப்பெட்டி என்ற பெயர் தப்பு என்று நிரூபிக்க. தைரியமான மனுஷன், எழுபது வயசைத் தாண்டி ஏறினார், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவரோடு உட்கார்ந்து ஓட்டியது தேர்ந்த கை. கிரணிலிருந்து நேற்று இறங்கி வந்த பையன் இல்லை. எங்கள் பங்காளி கூட அந்த வண்டியில் பழைய மாடு இரண்டையும் பூட்டிக்கொண்டு போயிருந்தால் சேமமாகத்தான் வந்து சேர்ந்திருப்பார். அடுத்த மாசமே ஹாக் வாங்க அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நடந்ததை மறைக்கக் கூடாது.

இன்னொரு கணக்கு. அந்தோணி கொடுத்த அதே பதிலில் இறந்த பொதுமக்கள் 39 பேர். விமானம் விழுவது எங்கே? உங்கள் அப்பார்ட்மெண்ட் மாடியில் விழுந்ததாக நான் அதிகம் படிக்கவில்லை. பயிற்சிப் பறப்பு எல்லாம் ஆள் நடமாட்டம் குறைவான பக்கம் வைக்கிறார்கள். ஆள் குறைவான பக்கம் என்றால் காடு, கழனி, எங்களை மாதிரி ஆட்கள். 2023 மே மாதம் ராஜஸ்தான் ஹனுமன்கர் மாவட்டத்தில் ஒரு கிராமத்து வீட்டின் மேல் மிக்-21 விழுந்து மூன்று பெண்கள் செத்தார்கள். பைலட் பாராசூட்டில் பிழைத்தார், நல்லது. அந்தப் பெண்களின் வீட்டுக்காரர்களுக்கு இந்த 1982, 2004 கதையெல்லாம் யார் போய்ச் சொன்னது?

இனி உங்களிடம் வருகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம், என் அக்கா மகனிடமும் இதையே சொன்னேன்.

நீங்கள் எல்லாரும் ரஃபேல் எத்தனை, சுகோய் எத்தனை, பாகிஸ்தானிடம் எத்தனை, சீனாவிடம் எத்தனை என்று வாட்ஸ்அப்பில் விரல் நுனியில் வைத்திருக்கிறீர்கள். 2024 அக்டோபரில் மெரினாவில் விமான சாகசம் பார்க்க லட்சக்கணக்கில் கூடினீர்கள். (வெயிலில் ஐந்து பேர் போய்ச் சேர்ந்தது தனிக் கொடுமை.) சிவப்பும் வெள்ளையுமாக ஒன்பது விமானம் சேர்ந்து புகை விட்டுக்கொண்டு போனதே, சூர்யகிரண், எல்லாரும் படம் எடுத்தீர்களே. அது என்ன விமானம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அதுதான் ஹாக். 22 வருஷம் நம் பையன்களுக்குக் கிடைக்காமல் போன அதே பயிற்சி விமானம். பயிற்சி விமானம் வாங்கியது தலைப்புச் செய்தி ஆகாது, வாங்காதது அதைவிடச் செய்தி ஆகாது. 2006-ல் 'ரங் தே பசந்தி' வந்தபோது தியேட்டரில் அழுதோம், நானும் டிவியில் பார்த்து அழுதேன். படத்தில் அமைச்சரைச் சுட்டுவிட்டார்கள், நமக்கும் மனசு ஆறிவிட்டது. நிஜத்தில் சுட ஒரு ஆளும் இல்லை, நாற்பது மேசை இருந்தது.

"ஹாக் வந்துடுச்சுல்ல மாமா, அப்புறம் எதுக்குப் பழசக் கிளறணும்?" என்றான் அக்கா மகன்.

வந்தது. விபத்தும் முன்னைவிடக் குறைந்திருக்கிறது. சரி, அந்த அம்மணி பையன் இப்போது ஏறிக்கொண்டிருக்கிற படிகளைப் பார்.

முதல் படியில் ஓடிக்கொண்டிருந்த எச்பிடி-32 விமானம் 2009-ல் ஒரு விபத்தில் இரண்டு பேரைக் கொன்ற பிறகு மொத்தமாக நிறுத்தப்பட்டது. நிறுத்தியது சரி. அந்த இடத்துக்கு வேறு ஒன்று தயாராக இல்லை. 2012-ல் சுவிட்சர்லாந்தின் பிசி-7 விமானம் 75 வாங்க ஒப்பந்தம் போட்டு, 2013-ல்தான் வந்தது. நடுவில் முதல் படிப் பையனையும் கிரண் ஜெட்டிலேயே ஏற்றிச் சமாளித்தார்கள். அதாவது படி இல்லாமல் ஏறச் சொல்வது மறுபடியும் நடந்தது, இந்தத் தடவை கீழ்ப் படி. இதற்கு நம் நாட்டு விமானமாக எச்ஏஎல் செய்த எச்டிடி-40 2016-லேயே பறந்தது. 70 விமானத்துக்கு 2023 மார்ச்சில் ஒப்பந்தம். 2025 செப்டம்பர் வரைக்கும் ஒன்றும் விமானப்படை கைக்கு வந்து சேரவில்லை.

இரண்டாம் படிதான் இன்னும் மோசம். கிரணுக்குப் பதிலாக சிதாரா என்று ஒரு ஜெட் செய்ய 1999-ல் ஒப்புதல். 2003-ல் முதல் பறப்பு, எவ்வளவு பெருமையாகப் பேசினோம்! வேகம் இழந்து சுழல ஆரம்பித்தால் சரியாக மீளமாட்டேன் என்கிறது என்று அதில் சிக்கல். பயிற்சி விமானத்துக்கு அதுதான் உயிரே, சுழலில் விழுந்து மீளப் பழகவே அதில் ஏறுகிறார்கள். பல வருஷம் திருத்தினார்கள். 2025-ல் பெங்களூர் விமானக் கண்காட்சியில் அதற்கு 'யஷஸ்' என்று புதுப் பெயர் வைத்தார்கள். பெயர் மாற்றினால் ராசி வரும் என்று எங்கள் ஊரில் போர்வெல்காரர் ஒருத்தரும் செய்தார். அந்தப் பெயர் மாறிய விமானமும் இன்னும் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேரவில்லை. 1968-ல் வந்த கிரண் இன்னும் முழுசாக ஓய்வு பெறவில்லை.

உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்பதில் எனக்கு எதிர்ப்புக் கிடையாது. எச்ஏஎல் பொறியாளர்கள் சோம்பேறிகள் என்றும் நான் சொல்லவில்லை, விமானம் செய்வது கடலைக்காய் உரிக்கிற வேலை இல்லை. என் கேள்வி, சண்டை விமானம் தாமதம் என்றால் டிவியில் நாலு பேர் உட்கார்ந்து கத்துகிறார்கள், தளபதியே மேடையில் எச்ஏஎல்லைக் கடிந்துகொள்கிறார். பயிற்சி விமானம் 22 வருஷம் தாமதம் என்றால் ஏன் ஒரு சத்தமும் வருவதில்லை? எதிரியைக் காட்டிப் பணம் கேட்கலாம். 'எங்கள் பையனுக்கு இறங்கத் தெரியவில்லை' என்று காட்டிப் பணம் கேட்க முடியாது, அப்படித்தானே? அந்த வெறும் வண்டி ஓட்டத்துக்கு ஆகிற தீவனச் செலவை மிச்சம் என்று எழுதிக்கொள்கிற புத்தி எங்கள் பங்காளிக்கு மட்டும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அக்கா மகன் ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது, "இதை எழுதுங்க மாமா, நான் ஷேர் பண்றேன்" என்றான். சரி, எழுதியாகிவிட்டது. பார்ப்போம்.

நேற்றுக் காலையில் சொசைட்டியில் அந்த அம்மணியைப் பார்த்தேன். பால் கேனை இறக்கி வைத்துவிட்டு, "படிச்சீங்களாமா, என்னங்கண்ணா போட்டிருக்குது?" என்றது. மூன்று படி கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். மூன்றாவது படிக்கு இப்போது நல்ல விமானம் இருக்கிறது, பின்னால் வாத்தியார் மேலே உட்கார்ந்திருப்பார், அவருக்கு முன்னால் நன்றாகத் தெரியும் என்றேன். அது வரைக்கும் கேட்டுக்கொண்டது.

"ரெண்டாவது படியிலீங்க?"

சூலூர்ப் பக்கமிருந்து தேஜஸ் ஒன்று கிளம்பி எங்கள் தலைக்கு மேலே போனது. அந்தச் சத்தத்தில் பேச முடியாது. அது அடங்கிய பிறகும் நான் உடனே பதில் சொல்லவில்லை. அது வேற வண்டி வரப்போகுது அம்மணி, அதுவரைக்கும் பழசுதான் என்றேன்.

"எப்பங்க வரும்?"

என் கேனை அளக்கக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.